படவில்லை பார்க்கும் கருவிகளும் சேமிப்புப் பொருட்களும்

படவில்லை என்பது ஒளி ஊடுருவும் படச்சுருளில் நேர்ப்படமாகவே பதிவான ஒளிப்படத்தைச் சட்டத்தில் பொருத்தி வைத்திருப்பதாகும். பேச்சு வழக்கில் இது ஸ்லைடு எனப்படுகிறது. 35 மி.மீ. படச்சுருளில் எடுத்த படத்தின் அளவு 24 × 36 மி.மீ. ஆகும். அதைத் தாங்கும் அட்டை அல்லது நெகிழிச் சட்டம் 50 மி.மீ. பக்கமுள்ள சதுரம். நெகட்டிவ் இருந்தால் எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். படவில்லைக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஒளிபட்ட அதே துண்டுதான் கையில் இருக்கிறது; அது கெட்டால் படமும் போய்விடும். ஆகவே பார்க்கும் கருவியில் சிக்கனம் செய்யலாம், சேமிப்பில் கவனமாக இருக்க வேண்டும்.

பார்க்கும் கருவிகள்

கோடாக் நிறுவனம் 1961-இல் கரோசல் என்ற புரொஜெக்டரை வெளியிட்டது. அதன் வட்டத் தட்டில் 80 படவில்லைகளை அடுக்கலாம். 2004-இல் அந்நிறுவனம் படவில்லை புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. இன்று பழைய கருவிகள்தாம் கிடைக்கின்றன. அவற்றின் கடும் ஒளியும் வெப்பமும் சாயங்களை மங்கச் செய்கின்றன. கோடாகுரோம் படவில்லைகள் இருட்டில் பல பத்தாண்டுகள் நிறம் மாறாமல் இருக்கும். ஆனால் புரொஜெக்டர் ஒளியில் விரைவாக வெளுக்கும். பழைய எக்டாகுரோம் படங்களோ இருட்டில் வைத்தாலும் மெல்ல நிறம் இழக்கும். எவ்வகையானாலும் ஒரு படத்தைத் திரையில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தாமல் இருப்பது நல்லது.

மலிவான கைக்கருவி இந்த வகையில் பாதுகாப்பானதும்கூட. இதில் எளிய வகை, ஒரு பக்கம் பால்நிறத் தகடும் மறுபக்கம் லென்சும் கொண்ட சிறு பெட்டி. சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் போதும். மின்கலத்தில் இயங்கும் வகையில் சிறு விளக்கு இருக்கும். பழையதை வாங்குவோர் மின்கலம் கசிந்து உள்ளிருக்கும் தகடுகள் துருப்பிடித்துள்ளனவா என்று திறந்து பார்க்க வேண்டும்.

பல படங்களை ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒளிப்பெட்டி ஏற்றது. ஓவியம் பிரதி எடுக்கப் பயன்படும் எல்இடி பலகை இதற்குப் போதும். கைபேசித் திரையை வெள்ளையாக்கி அதன்மேல் வைத்தும் பார்க்கலாம். ஆனால் உருப்பெருக்கியில் திரையின் புள்ளிகள் தெரியும். இடையே சிறிது உயரத்தில் பால்நிற அக்ரிலிக் தகடு வைத்தால் அவை மறைந்துவிடும்.

தனியாக உருப்பெருக்கி வாங்க வேண்டியதில்லை. பழைய படச்சுருள் கேமராவின் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். லென்சின் துளையை முழுதும் திறந்து, கேமராவில் படச்சுருள் இருந்த தொலைவில் படவில்லையை வைத்து, முன்பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். படவில்லையின் பளபளப்பான பக்கம் கண்ணை நோக்கியிருந்தால் இடம் வலம் மாறாது.

சேமிப்பு

இருபது பைகள் கொண்ட நெகிழித் தாள்களே பரவலாகப் பயன்படுகின்றன. 1,000 படவில்லைகளுக்கு 50 தாள்கள் போதும். தாள் எந்த நெகிழியால் ஆனது என்பதே முக்கியம். பிவிசி தாளில் மென்மைக்காகச் சேர்க்கும் பொருள் காலப்போக்கில் வெளியேறிப் படத்தின்மேல் பிசுபிசுப்பாகப் படியும். பாலிபுரோப்பிலீன், பாலியெத்திலீன், பாலியெஸ்டர் ஆகியவை பாதுகாப்பானவை. புதிய தாளில் மழைக்கோட்டைப் போன்ற வாடை அடித்தால் அது பிவிசி ஆக இருக்கலாம். உறுதி செய்யச் செப்புக் கம்பியைச் சூடாக்கி, தாளின் ஓரத்தில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டலாம். சுடர் பச்சையானால் அது குளோரின் கலந்த நெகிழி. புகை நச்சுடையது என்பதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

மரப்பெட்டி அழகாக இருக்கும். ஆனால் மரம் அமில ஆவியை வெளிவிடுவதால் அது ஏற்றதன்று. அமிலமற்ற அட்டைப்பெட்டி கிடைக்காத இடத்தில், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா நல்ல மாற்று.

கடற்கரை ஊர்களில் படவில்லைக்குப் பெரும் பகை பூஞ்சைதான். படலத்தில் உள்ள ஜெலட்டினே அதற்கு உணவு. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் அது வளரும். 30 முதல் 50 வரை இருப்பது நல்லது. டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கலாம். நீலநிற மணிகள் ஈரத்தை உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும். சூடாக்கி உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். பாச்சை உருண்டை போடக்கூடாது, அதன் ஆவி சில நெகிழிகளைப் பாதிக்கும். வெயிலில் கொதிக்கும் பரணும் ஆகாது. உள்ளறைப் பீரோவின் நடுத்தட்டு அதைவிட நல்லது.

பூஞ்சை பிடித்த படவில்லையை நீரால் துடைக்கக்கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும், படமும் அதோடு வந்துவிடும். அதைப் பிறவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, முதலில் ஒரு எண்முறைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.