கொசுவா, குடிநீரா, சுகரா... முதல் காசு எதுக்கு? ஊர் கூடி மார்க் போடும் முறை எப்படி வேலை செய்கிறது?

ஒரு கிராமம். கையில் 10,000 ரூபாய். தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் கிராம சுகாதாரக் குழுக்களுக்கு ஆண்டுக்கு இந்த அளவு வரை நிதி தரலாம். எதற்குச் செலவழிப்பது என்பதைப் பெரும்பாலும் குழுவே முடிவு செய்யலாம். கூட்டத்தில் ஒருவர் கொசு மருந்து என்கிறார். இன்னொருவர் குடிநீர்த் தொட்டியைக் கழுவணும் என்கிறார். சுகர் பரிசோதனை முகாம் வேண்டும் என்கிறார் மூன்றாமவர். கடைசியில் யார் சொன்னது நடக்கும்?

பல இடங்களில் விடை எளிது: சத்தமாகப் பேசியவர் சொன்னதுதான்.

இந்தச் சிக்கல் மாவட்டத்துக்கும் உண்டு, மாநிலத்துக்கும் உண்டு, நாட்டுக்கும் உண்டு. தேவை நிறைய, பணம் கொஞ்சம். அதனால்தான் பொது சுகாதாரத் துறையில் 'ஒருமித்த கருத்து முறைகள்' என்று சில வழிகளை வைத்திருக்கிறார்கள். அது என்ன என்று பார்ப்போம்.

கை தூக்கச் சொன்னால் போதாதா?

போதாது. ஊர்ப் பெரியவர் கை தூக்கியதைப் பார்த்த பிறகு, பக்கத்தில் இருப்பவர் எப்படி மாற்றித் தூக்குவார்? டாக்டர் பேசிய பிறகு, தூய்மைப் பணியாளர் எழுந்து "இல்லைங்க சார்" என்று சொல்வாரா? கை எண்ணிக்கையில் யார் பயந்து தூக்கினார், யார் நம்பித் தூக்கினார் என்பது தெரியாது.

இதற்கு மாற்றாக 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் டெல்பெக், வான் டி வென் ஆகியோர் ஒரு முறையைப் பிரபலப்படுத்தினார்கள். பெயர், நாமினல் குரூப் டெக்னிக். பெயர்தான் பெரிது, வேலை சிம்பிள். முதலில் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கொரு தாளில் தங்கள் மனதில் இருப்பதை எழுத வேண்டும். அடுத்து வரிசையாக ஒருவர் ஒரு விஷயம் சொல்ல, எல்லாம் போர்டில் ஏறும். புரியாததைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். கடைசியில் ரகசியமாக மார்க். கூட்டினால் வரிசை ரெடி.

எல்லோரும் ஒரே அறையில் கூட முடியாவிட்டால்?

அதற்கு டெல்ஃபி முறை. 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில், ராணுவம் சார்ந்த ஆய்வுகளுக்காக உருவானது. பின்னாளில் மருத்துவத் துறை இதை அப்படியே பிடித்துக்கொண்டது.

கேள்வித்தாள் தனித்தனியாகப் போகும். ஒவ்வொரு விஷயத்துக்கும், உதாரணமாக, 1 முதல் 9 வரை மார்க் போட வேண்டும். அடுத்த சுற்றில், "குழு மொத்தமாக இப்படிப் போட்டிருக்கிறது, நீங்கள் இப்படிப் போட்டீர்கள், மாற்ற விரும்புகிறீர்களா?" என்று கேட்பார்கள். யார் என்ன போட்டார் என்பது கடைசிவரை தெரியாது. இரண்டு, மூன்று சுற்றுகளில் கருத்துகள் நெருங்கி வரும். எத்தனை சதவீதம் பேர் ஒத்துப்போனால் 'ஒருமித்த கருத்து' என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். ரிசல்ட்டைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தினால் ஆட்டம் கோவிந்தா.

மார்க்கை எதை வைத்துப் போடுவது?

பிரபலமான ஒரு கணக்கு, ஹான்லன் முறை. மூன்று கேள்விகள். பிரச்சினை எத்தனை பேரைத் தொடுகிறது? எவ்வளவு தீவிரம்? நாம் கை வைத்தால் எவ்வளவு சரியாகும்? ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மார்க். தீவிரத்தை இரண்டால் பெருக்கி, பரவலோடு கூட்டி, வரும் தொகையை 'சரியாகும் வாய்ப்பு' மார்க்கால் பெருக்க வேண்டும்.

நம் கிராமத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்:

டெங்கு: பரவல் 5, தீவிரம் 8, சரியாகும் வாய்ப்பு 7. மொத்தம் 147.
சுகர்: 8, 7, 5. மொத்தம் 110.
அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கு: 6, 6, 9. மொத்தம் 162.

கவனித்தீர்களா? அதிகம் பேரைத் தொடுவது சுகர். தீவிரத்தில் முந்துவது டெங்கு. ஆனால் முதலிடம் குடிநீருக்கு. காரணம், நம்மால் உடனே சரிசெய்யக்கூடியது அதுதான். பணம் இருக்கிறதா, சட்டம் அனுமதிக்கிறதா, மக்கள் ஏற்பார்களா போன்ற கேள்விகளும் இதோடு உண்டு. அதில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அந்த விஷயம் பட்டியலிலிருந்து வெளியே.

அப்போ கணக்கு சொல்வதே வேதவாக்கா?

இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இதில் சூடு பட்டது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் எந்தெந்தச் சிகிச்சைக்குப் பணம் தருவது என்று 1990-ல் வரிசைப்படுத்தத் தொடங்கினார்கள். செலவையும் பலனையும் வைத்துக் கம்ப்யூட்டர் தந்த முதல் பட்டியலில், உயிரைப் பறிக்கக்கூடிய கருக்குழாய்க் கர்ப்பத்துக்கான அறுவை சிகிச்சையைவிடப் பல்லுக்குத் தொப்பி போடுவது மேலே இருந்தது! கேலிக்குள்ளான அந்தப் பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு, மக்கள் கருத்தையும் சேர்த்து 709 இனங்களோடு புதிதாகத் தயாரித்தார்கள். 587-ம் இனம் வரைதான் பணம் என்று 1991-ல் கோடு கிழித்தார்கள்.

மக்கள் கருத்து எப்படி வந்தது? மாநிலம் முழுக்க 47 கூட்டங்கள், சுமார் ஆயிரம் பேர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோர் சுகாதாரத் துறையில் வேலை பார்ப்பவர்கள். யாருக்காகத் திட்டமோ, அந்த ஏழைகள் மிகச் சிலரே. 1992-ல் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையைக் குறைத்து மதிப்பிடும் வாய்ப்பு அதில் இருக்கிறது என்பது காரணம். திருத்தங்களுக்குப் பிறகு 1994-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

நாம் என்ன எடுத்துக்கொள்வது?

பத்துப் பேர் ஒத்துப்போனார்கள் என்பதாலேயே ஒரு முடிவு சரியாகிவிடாது. அந்தப் பத்துப் பேர் யார் என்பதுதான் கேள்வி. அறையில் இல்லாதவரின் நோய்க்கு மார்க் போட ஆள் இருக்காது. கூட்டம் பகல் 11 மணிக்கு என்றால் கூலி வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? எழுதத் தெரியாதவருக்குத் தாள் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? படம் ஒட்டி, புளியங்கொட்டை போட்டு எண்ணினாலும் அது மார்க்தான்.

அடுத்த கிராம சபைக்குப் போனால், "எதுக்கு முதல் காசு?" என்று கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: "இந்த வரிசையைப் போட்டது யாரு? அப்போ யாரெல்லாம் இருந்தாங்க, யாரெல்லாம் இல்லை?"