காற்றின் மேல் ஓடும் காவல் கலம்

செம்பட்டி பஸ் நிறுத்தத்தில் டீக்கடை மேடையைக் கவனித்திருக்கிறீர்களா? வெந்நீரில் அலசிய கண்ணாடி டம்ளரை ஈரத்தில் கவிழ்த்து வைத்தால், சில நேரம் யாரும் தொடாமலே வழுக்கிக்கொண்டு நகரும். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து, டம்ளரை மயிரிழை அளவு தூக்கிவிடுகிறது. காற்றின் மேல் ஏறியதும் உராய்வு பெரிதும் குறைந்துவிடுகிறது. ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் இந்தியக் கடலோரக் காவல் படை ஓட்டும் ஹோவர்கிராஃப்டும் காற்றை நம்பித்தான் ஓடுகிறது.

1970களில் பெருகிய கடத்தலைத் தடுப்பதும் ஒரு நோக்கமாக, 1977 பிப்ரவரி 1 அன்று உருவானது இந்தப் படை. ஆனால் தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஆழமில்லாதது. மணல் திட்டுகள் வரிசையாகத் தலைகாட்டும். பெரிய ரோந்துக் கப்பல் அங்கே போனால் தரைதட்டும்.

ஹோவர்கிராஃப்டுக்கு நீரும் மணலும் ஒன்றே. விசிறிகள் காற்றை அடியில் தள்ளும். விளிம்பைச் சுற்றித் தொங்கும் ரப்பர் பூசிய துணிப் பாவாடை அதைப் பிடித்துவைக்கும். எடை முழுவதும் அந்தக் காற்று மெத்தையில் பரவுவதால், மணலில் விழும் அழுத்தம் நம் பாதம் தரும் அழுத்தத்தைவிடக் குறைவு. பின்னால் சுழலும் காற்றாடிகள் முன்னே தள்ள, அவற்றின் பின்னுள்ள சுக்கான்கள் திசை திருப்பும். தண்ணீருக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. சுமார் 21 மீட்டர் நீளமுள்ள இக்கலம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் பாயும்.

பிரிட்டன் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல் 1955-இல் இரண்டு தகர டப்பாக்களை வைத்துச் சோதித்த யோசனை இது. 1959 ஜூலை 25 அன்று அவரது கலம் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

நம் மண்டபம் பக்கக் கடலில் காவலுக்கு ஓய்வில்லை. 2023 மே மாதக் கடைசியில் மன்னார் வளைகுடாவில் வருவாய்ப் புலனாய்வு, சுங்கத் துறைகளோடு சேர்ந்து கடலோரக் காவல் படை இரு படகுகளை மடக்கியது. கடலில் வீசப்பட்டதை முக்குளித்து எடுத்ததையும் சேர்த்து, பிடிபட்ட தங்கம் 32 கிலோவுக்கு மேல்.

ஆனாலும் இந்தக் கலத்தின் பெருமை வேட்டையில் மட்டும் இல்லை. 2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்து அரிச்சல்முனை அருகே மணல் திட்டில் தவித்த ஆறு பேரைக் கரைசேர்த்தது ஹோவர்கிராஃப்ட்தான். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

ராமேஸ்வரம் போகும் நம் ஊர்க்காரர்கள் கைபேசியில் ஓர் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்: 1554. கடலில் யாருக்கேனும் ஆபத்தென்றால், கடலோரக் காவல் படையை அழைக்க அது போதும்.