சோப்பு ஆலையில் பிறந்த கம்பளம்

மளிகைக் கடைக்காரருக்கும் பிரெஞ்சுக் கம்பளத்திற்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. வணிகர் இல்லங்களில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருப்பது இன்று சகஜமாகிவிட்டது. புதுச்சேரி, காரைக்கால் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சு நாடு தலைமுறை தலைமுறையாகவே உறவுக்காரர் ஊர். அங்கே சொந்த வீடு வாங்கிய பிள்ளைகள், கூடத்தில் விரிக்கப் பழைய பிரெஞ்சுக் கைநெசவுக் கம்பளம் ஒன்று வாங்கலாமா என்று ஊரிலிருக்கும் பெரியவர்களைக் கேட்கிறார்கள். விலையோ லட்சங்களில் பேசப்படுகிறது. பெரியவருக்குக் கம்பளம் தெரியாது. ஆனால் சரக்குப் பார்க்கத் தெரியும். சரக்குப் பார்க்கத் தெரிந்தவர் சில விவரங்களை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டால், பிள்ளை பணத்தைத் தொலைக்காமல் காக்கலாம் என்பதால் இதை எழுதுகிறோம்.

பழைய பிரெஞ்சுக் கம்பளம் என்று சந்தையில் பேசப்படுவது முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று சவோனரி, மற்றது ஒபுசோன்.

சவோனரி என்ற பெயரில் நம் தொழில் வாசனை வீசுகிறது. பிரெஞ்சு மொழியில் சவோன் என்றால் சோப்பு. சவோனரி என்றால் சோப்பு ஆலை. துருக்கி, பாரசீகக் கம்பளங்களுக்காக நாட்டுப் பணம் வெளியே போவதைத் தடுக்க வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்காம் ஹென்றி மன்னர் பியேர் துய்போன் என்ற கம்பளக்காரருக்கு லூவ்ர் அரண்மனையிலேயே இடம் கொடுத்தார். பின்னர் 1620-களில் பாரிசுக்கு அருகே ஷையோ என்ற இடத்தில் மூடிக் கிடந்த சோப்பு ஆலைக் கட்டடத்தில் பெரிய பட்டறை அமைந்தது. அனாதைச் சிறுவர்களைச் சேர்த்துத் தொழில் பழக்கினார்கள். சோப்பு போய்விட்டது, பெயர் மட்டும் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டது.

அங்கே நெய்தது முடிச்சுக் கம்பளம். ஒவ்வொரு பாவு நூலிலும் கம்பளி நூலை முடிச்சிட்டு, நுனியை வெட்டி, மேல்பக்கம் வெல்வெட்டு போல நிற்க வைக்கும் வேலை. 14-ஆம் லூயி மன்னர் லூவ்ர் அரண்மனையின் நீண்ட தாழ்வாரத்திற்கென்றே தொண்ணூறுக்கும் மேற்பட்ட கம்பளங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். 1668-இல் தொடங்கிய வேலை ஏறக்குறைய இருபது ஆண்டு நடந்தது. ஒவ்வொன்றும் சுமார் 9 மீட்டர் நீளம். இதில் வணிகர் கவனிக்க வேண்டியது, இந்தப் பட்டறையின் வாடிக்கையாளர் முக்கியமாக அரசர் ஒருவர்தான் என்பது. கடைச் சரக்காக அது நெய்யப்படவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் சில கைமாறி வெளியே போயின. இன்று பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பட்டறை கோபலான் என்ற அரசு நெசவுச் சாலையோடு இணைக்கப்பட்டு, இன்றும் அரசுக்காகவே நெய்கிறது. ஆகவே ஒரு சாதாரணக் கடைக்காரர் "அசல் சவோனரி" என்று சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்வது அந்தப் பாணியில், அந்த முடிச்சு முறையில் நெய்தது என்றுதான். அந்த அர்த்தத்தில் சொல்வது தவறல்ல. அந்த அர்த்தத்துக்கு உரிய விலைதான் கொடுக்க வேண்டும்.

குடும்பஸ்தர் கைக்கு எட்டக்கூடியது ஒபுசோன். பிரான்சின் நடுப்பகுதியில் க்ரெஸ் ஆற்றின் கரையில் உள்ள சிற்றூர் அது. சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளுக்குப் பல நூற்றாண்டாகப் பெயர் பெற்றது. 1665-இல் அரச நெசவுச் சாலை என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் அரசருடையதே தவிர, தறிகள் தனியாருடையவை. வணிகர் மாதிரியும் நூலும் கொடுக்க, நெசவாளர் கூலிக்கு நெய்தனர். நம் ஊர்க் கைத்தறி மாஸ்டர் வீவர் ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1685-இல் புராட்டஸ்டண்டு மதத்தினருக்கு இருந்த உரிமையை மன்னர் ரத்து செய்ததும் தேர்ந்த நெசவாளர் பலர் ஊரைவிட்டே போனார்கள். தொழில் நொடித்து மீண்டும் எழுந்தது. தரைக் கம்பளம் நெய்யத் தொடங்கியது 1740-களில்தான்.

முதலில் முடிச்சுக் கம்பளமும், பிறகு முடிச்சில்லாத தட்டைக் கம்பளமும் நெய்தார்கள். இன்று ஒபுசோன் கம்பளம் என்றாலே பெரும்பாலும் தட்டை ரகம்தான். நம் பவானி ஜமக்காளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊடை நூல் பாவு நூலை முழுக்க மூடிவிடும், மேலே நிற்கும் நுனி கிடையாது. ஆனால் ஜமக்காளத்தில் பட்டை பட்டையாக நிறம் வரும். ஒபுசோனில் ரோஜாவும் மாலையும் இலையும் சித்திரம் போல வரும். ஒரு நிறத்து நூல் தன் எல்லை வரை போய்த் திரும்பிவிடும், அடுத்த நிறம் அங்கிருந்து தொடங்கும். இரண்டுக்கும் நடுவே சிறு பிளவு விழும். பிளவுகளைப் பிறகு ஊசியால் தைத்து மூடுவார்கள். நெசவாளர் கண்ணுக்கு எதிரே இருப்பது கம்பளத்தின் பின்புறம். தறியிலிருந்து அறுத்து இறக்கும் நாளில்தான் முகப்பக்கத்தை முழுசாகப் பார்ப்பார். இத்தனை வேலைக்கும் கூலி கணக்குப் பார்த்தால் விலை ஏன் அப்படி என்பது புரியும்.

மூன்றாம் நெப்போலியன் ஆட்சி செய்த 1852 முதல் 1870 வரையான காலத்தில் வசதியான குடும்பங்கள் பெருகி, பெரிய பெரிய பூப்போட்ட ஒபுசோன் கம்பளங்கள் ஏராளமாக நெய்யப்பட்டன. விற்பனைக்கு வருவதில் அந்தக் காலத்தவையும் அதற்குப் பிந்தியவையுமே அதிகம். நூறு ஆண்டு கடந்ததைத்தான் பழம்பொருள் என்று அந்த வியாபாரத்தில் சொல்வது வழக்கம்.

இனி சிக்கலுக்கு வருவோம். ஊர் பெயர் ரகத்தின் பெயராகிவிட்டால் சரக்கு எங்கிருந்து வந்தாலும் அதே பெயரில் விலை போகும். விசைத்தறி விரிப்பைப் பவானி என்று விற்பதை நாம் பார்க்கிறோமே, அது போலத்தான். 1980-களுக்குப் பின் சீனாவில் கையால் நெய்த ஒபுசோன் பாணிக் கம்பளங்கள் உலகச் சந்தையில் குவிந்தன. சீனச் சரக்கு மட்டம் என்று நாம் சொல்ல வரவில்லை. நேர்த்தியான வேலையும் அதில் உண்டு. முப்பது வயதான கம்பளத்திற்கு நூற்றைம்பது வயதின் விலை கேட்பதுதான் தகராறு. 2018-இல் ஒபுசோன் கம்பளத்திற்குப் பிரான்சில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இப்போது நெய்யும் புதுச் சரக்குக்குப் பாதுகாப்பு. பழையது என்று வருவதை நாமே சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

சோதனை பெரிய வித்தை அல்ல. அரிசி மூட்டையில் குத்தூசி போடாமல் நாம் லோடு இறக்குவோமா? கம்பளத்தின் அடியில் துணி வைத்துத் தைத்திருந்தால் ஒரு மூலையைப் பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தைத்ததில் தப்பில்லை, பாதுகாப்புக்காகவும் தைப்பதுண்டு. ஆனால் பிரிக்க மறுத்தால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம். பிரித்த இடத்தில் நிறத்தைப் பாருங்கள். முகப்பக்கம் வெயிலிலும் வெளிச்சத்திலும் மங்கியிருக்கும், பின்பக்கம் பளிச்சென்று இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பழுப்பாக இருந்தால், தேயிலைச் சாயத்தில் முக்கி வயதேற்றியிருக்கலாம். ஆம், நாம் கடையில் விற்கிற அதே தேயிலைதான். புதுக் கம்பளத்தைப் பழசாக்க அதைப் பயன்படுத்துவது அந்த வியாபாரத்தில் எல்லோரும் அறிந்த தந்திரம். ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தில் அழுத்தித் துடைத்தால், தேய்ந்த இடத்தில் வண்ணம் பூசி மறைத்திருப்பதும் தெரிந்துவிடும். கலப்படத் தேயிலையை ஈரக் காகிதத்தில் வைத்துப் பார்ப்பது போல.

நிறமும் வயது சொல்லும். அக்காலச் சிவப்பு, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேரிலிருந்தும், நீலம் அவுரியிலிருந்தும் வந்தன. முதல் ரசாயன ஊதாச் சாயத்தை 1856-இல் பெர்க்கின் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். முதல் நெப்போலியன் காலத்துக் கம்பளம் என்று சொல்லி, பிளவின் உள்ளே ரசாயன ஊதா தெரிந்தால், ஒன்று காலம் பொய், அல்லது அந்த இடம் பிற்காலத்தில் பழுது பார்த்தது.

பழுது பார்த்திருப்பது குற்றமல்ல. நூறு ஆண்டு மிதிபட்ட சரக்கில் ஒரு தையல்கூட இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பிரிந்த பிளவுகள் கோடு கோடாகத் தெரியும். அவற்றைத் திரும்பத் தைக்கலாம், ஆனால் அந்த நாட்டில் கைவேலைக் கூலி கடுமை. அதை விலையில் கழிக்க வேண்டும். நான்கு பக்கமும் கரை இருக்கிறதா என்பதும் முக்கியம். மாளிகைக் கூடத்திற்கு நெய்ததைச் சிறு வீட்டுக்கு ஏற்ப வெட்டிச் சுருக்கியிருப்பார்கள். ஒரு பக்கம் கரையில்லை என்றாலும், நடுப்பூ நடுவில் இல்லை என்றாலும், அது வெட்டுப்பட்ட சரக்கு.

இவற்றையெல்லாம்விட வலுவான சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கம்பளத்தைத் தொடவே வேண்டாம். பில் எழுதச் சொன்னால் போதும்.

பிரான்சில் 1981 மார்ச் 3-ஆம் தேதியிட்ட அரசு ஆணை ஒன்று இருக்கிறது. பழம்பொருள், கலைப்பொருள் விற்பவர், வாங்குபவர் கேட்டால், பொருள் என்ன, எதனால் ஆனது, எங்கே செய்தது, எவ்வளவு பழசு என்று எழுதிய ரசீது கொடுத்தே ஆக வேண்டும். பொருளின் பெயரோடு ஒரு நூற்றாண்டையோ காலத்தையோ எழுதிவிட்டால், அது உண்மையிலேயே அந்தக் காலத்தில் செய்தது என்று விற்பவர் உத்தரவாதம் கொடுத்ததாக அர்த்தம். "எபோக்" என்ற சொல் காலத்தைக் குறிக்கும். "ஸ்டீல்" என்று எழுதினால் பாணி என்று பொருள், எந்த உத்தரவாதமும் கிடையாது. (உச்சரிப்பு நம் பாத்திரக் கடை ஸ்டீல் போலவே இருந்தாலும் இது வேறு.) "எபோக் மூன்றாம் நெப்போலியன்" என்பதற்கும் "ஸ்டீல் மூன்றாம் நெப்போலியன்" என்பதற்கும் வாசிப்பில் ஒரு சொல்தான் வித்தியாசம்; பணத்தில் வித்தியாசம் பல மடங்கு.

நமது உறவினர் ஒருவரின் மகன் பாரிசின் புறநகரில் குடியிருக்கிறான். அங்கே ஒரு கடையில் ரோஜாப் பூப்போட்ட கம்பளம் பிடித்துப்போய், மூன்றாம் நெப்போலியன் காலத்தது என்று கடைக்காரர் வாயால் சொன்னதை நம்பி விலை பேசி முடித்துவிட்டான். முன்பணம் கொடுக்குமுன் இங்கே போன் வந்தது. "தம்பி, அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொல்" என்று மட்டும் சொன்னோம். கடைக்காரர் பேனாவை எடுத்தார், யோசித்தார், "ஸ்டீல்" என்று எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு, தாம் நிபுணர் அல்ல என்றாராம். பிறகு விலையில் மூன்றில் ஒரு பங்கு தாமாகவே குறைத்தார். பையன் வாங்கவில்லை. அந்த விலைக்கு வாங்கியிருந்தாலும் தவறில்லை என்பது நமது எண்ணம்; சரக்கு பார்வைக்கு நன்றாகவே இருந்தது, அதன் பெயரில்தான் சந்தேகம்.

ஏலத்தில் வாங்குவோரும் உண்டு. பாரிசில் துருவோ என்ற ஏலக்கூடம் 1852 முதல் நடக்கிறது. ஏலத்திற்கு முன்பே சரக்கைப் பார்வைக்கு வைப்பார்கள். அப்போது போய்ப் பார்க்காமல் கை தூக்கக் கூடாது. போடி ஏலக்காய் ஏலத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே சுத்தியல் விழும் விலை கடைசி விலை அல்ல. வாங்குபவரிடமும் கமிஷன் உண்டு. பெரிய கூடங்களில் அது கால் பங்கை ஒட்டி வரும். 2,000 யூரோவுக்குக் கேட்டது கையில் 2,500 ஆகிவிடும். சுத்தம் செய்யும் செலவு, வண்டிக் கூலி தனி. இந்தக் கணக்கை மனத்தில் முதலிலேயே கழித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

வாங்கிய பின் சாப்பாட்டு மேஜைக்கு அடியிலோ, நேர் வெயில் விழும் சன்னல் ஓரத்திலோ விரிக்க வேண்டாம். தட்டை நெசவு என்பதால் நாற்காலிக் காலில் பிளவுகள் சீக்கிரம் விட்டுப்போகும். அந்துப்பூச்சி இனம் ஒன்று கம்பளியைத் தின்னும். மரச்சாமான் அடியில் இருட்டாகக் கிடக்கும் பகுதியில்தான் முதலில் பிடிக்கும், ஆகவே அவ்வப்போது புரட்டிப் பார்க்க வேண்டும். எடுத்து வைப்பதானால் மடிக்காமல் உருளையில் சுருட்டி வைக்க வேண்டும். அந்த ரசீதைக் கம்பளத்தோடு சேர்த்துச் சுருட்டிவிடாமல் வீட்டுப் பத்திரங்களோடு தனியே வைக்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்து விற்கப் போனால், கம்பளத்தை விரிக்குமுன் அதைத்தான் கேட்பார்கள்.