டெங்கு சீசன்: காய்ச்சல் விட்ட பிறகுதான் பிள்ளையை உற்றுக் கவனிக்கணும்... ஏன் தெரியுமா?

நாலு நாளா அனலாகக் கொதித்த உடம்பு, காலையில் தொட்டுப் பார்த்தால் ஜில்லுனு இருக்கு. 'அப்பாடா, விட்டுடுச்சு. நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்' என்று நினைப்போம். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றால் அந்த நிம்மதி நியாயம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில், தெருவில் நாலு பிள்ளைகள் டெங்குவில் படுத்திருக்கும்போது, நீங்கள் உஷாராக வேண்டியதே அந்தக் காலையில்தான்.

டெங்குவில் பொதுவாக 3-லிருந்து 7-ம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். பெரும்பாலான குழந்தைகள் அப்படியே தேறிவிடுவார்கள். சில குழந்தைகளுக்கு மட்டும், அந்த நேரத்தில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தில் இருக்கும் நீர், வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் போய்ச் சேரும். குழாய்க்குள் ஓடும் ரத்தம் கெட்டியாகி, பிரஷர் இறங்கும். இந்தக் கசிவு நீடிப்பது 24 முதல் 48 மணி நேரம்தான். அதற்குள் சரியான அளவில் டிரிப்ஸ் ஏற்றினால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். அளவு கூடினாலும் ஆபத்து என்பதால், இது வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் 'ஒரு பாட்டில் போட்டுட்டு' திரும்புகிற விஷயம் இல்லை.

அந்தச் சில குழந்தைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்பே சொல்லும். வயிறு வலிக்குதுனு விடாமல் அழுவது முக்கியமான அறிகுறி. 'ஏதோ சேரலை போல'ன்னு ஓமத்தண்ணி கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள். குடித்ததெல்லாம் வாந்தியாக வருவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம் போவது, துவண்டு கிடப்பது அல்லது காரணமே இல்லாமல் நச்சரிப்பது... இதில் ஒன்று இருந்தாலும் குழந்தைகளுக்கு உள்நோயாளிப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். கைகால் சில்லிட்டுப்போவதும், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாததும் இன்னும் அவசரம். அந்த நிலையில்கூட சில பிள்ளைகள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். 'நல்லாத்தானே பேசறான்' என்று ஏமாந்துவிடக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை, உடல் பருமனான குழந்தை என்றால் கூடுதல் கவனம் தேவை.

'பிளேட்லெட் எவ்வளவு?' சீசன் வந்தாலே எல்லோர் வாயிலும் இதே கேள்விதான். அந்த எண்ணை மட்டும் வைத்து பயப்படுவதும் தப்பு, நிம்மதியாவதும் தப்பு. அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி என்றோ ஹீமட்டோகிரிட் என்றோ ஒரு வரி இருக்கும். பிளேட்லெட் வேகமாக இறங்க, இது ஏறிக்கொண்டே போனால் ரத்தம் கெட்டியாகிறது, அதாவது கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். டாக்டர்கள் திரும்பத் திரும்ப ரத்தம் எடுப்பது இதைப் பார்க்கத்தான். பில்லை ஏற்றுகிறார்கள் என்று கோபப்படாதீர்கள். என்.எஸ்.1 பரிசோதனையும் அப்படித்தான். நெகட்டிவ் என்று வந்தாலே டெங்கு இல்லை என்று ஆகிவிடாது.

காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். சீக்கிரம் இறங்கட்டும் என்று ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். வீட்டில் இருக்கும் சிரப்பின் லேபிளை இப்பவே ஒருமுறை படித்துவிடுங்கள். பப்பாளி இலைச் சாற்றை மூக்கைப் பிடித்து ஊற்றி, இருக்கிற தண்ணீரையும் வாந்தியாக வெளியே வரவைப்பதைவிட, ஓ.ஆர்.எஸ், இளநீர், கஞ்சித் தண்ணி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவையுங்கள்.

இன்னொரு சின்ன வேலை. காய்ச்சல் ஆரம்பித்த தேதியை காலண்டரில் வட்டம் போட்டு, கடைசியாகச் சிறுநீர் போன நேரத்தையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, 'இன்னிக்கு எத்தனையாவது நாள்?' என்று டாக்டர் கேட்டால், அம்மா ஒரு கணக்கும் அப்பா ஒரு கணக்கும் சொல்ல வேண்டியிருக்காது.