இலக்கணம் குழந்தையிடமே இருக்கிறது

'ஓட்டம்' என்பது எவ்வகைச் சொல்? இக்கேள்விக்கு 'வினைச்சொல்' என்று விடையெழுதும் குழந்தை மதிப்பெண்ணை இழக்கிறது. பிழை குழந்தையுடையதா? 'செயலைக் குறிப்பது வினைச்சொல்' என்று நாம் மனப்பாடம் செய்வித்த வரையறையைத்தானே அது பின்பற்றியது? ஓடுவது செயல்தானே!

தமிழ் மரபு சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இந்நான்குக்கும் தனித்தனி இயல்கள் உள்ளன. அம்மரபு சொல்லின் பொருளோடு நின்றுவிடவில்லை. சொல் எதை ஏற்கிறது, எதைக் காட்டுகிறது என்றும் பார்த்தது. வேற்றுமை உருபை ஏற்பது பெயர். காலம் காட்டுவது வினை. 'ஓட்டத்தை', 'ஓட்டத்துக்கு' என உருபேற்பதால் 'ஓட்டம்' பெயர், அதாவது, தொழிற்பெயர். 'ஓடினான், ஓடுகிறான், ஓடுவான்' என்பன காலம் காட்டுவதால் வினைகள். காலத்தை வெளிப்படையாகக் காட்டாத குறிப்புவினைகளைப் பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம்.

இச்சோதனைகள் குழந்தைக்குப் புதியவை அல்ல. 'ஆடு' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். விலங்கைக் குறிக்கும்போது 'ஆட்டைப் பிடித்தான்' என்றும், செயலைக் குறிக்கும்போது 'நேற்று ஆடினாள்' என்றும் அது பிசகாமல் சொல்லும். யாரும் கற்பிக்காமலே பேச்சின்வழி பெற்ற அறிவு அது. அந்த அறிவுக்குப் பெயர் சூட்டுவதே நம் வேலை.

இடைச்சொல்லையும் இவ்வாறே உணர்த்தலாம். 'கண்ணன் வந்தான்' என்பதைக் 'கண்ணனும் வந்தான்', 'கண்ணனே வந்தான்', 'கண்ணனா வந்தான்?' என்று மாற்றிச் சொல்லி, என்ன வேறுபாடு என்று கேளுங்கள். தனித்து நில்லாத ஒரு சிறு ஒலி, தொடரின் பொருளையே திருப்பிவிடுவதைக் குழந்தை வியப்போடு கண்டுகொள்ளும். சால, தவ, நனி போன்ற உரிச்சொற்கள் இன்றைய பேச்சில் அரிதாதலால், செய்யுள் பயிலும் காலத்துக்கு அவற்றை ஒத்திவைப்பதில் தவறில்லை.

ஆங்கில வகுப்பில் எட்டு வகை, தமிழ் வகுப்பில் நான்கு வகை என்று கேட்டுக் குழம்பும் குழந்தைகள் உண்டு. 'வீட்டில்' என்னும்போது பெயருக்குப் பின்னே ஒட்டும் 'இல்' உருபின் பணியை, ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே நிற்கும் ஒரு தனிச்சொல் செய்கிறது. மொழிகளின் அமைப்பு வேறு. அதனால் பகுப்பும் வேறு. இதை ஒருமுறை விளக்கினால் போதும், குழப்பம் தீரும்.

உணவு வேளையில் நாளுக்கு நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு, 'இது உருபேற்குமா, காலம் காட்டுமா?' என்று பெற்றோர் கேட்கலாம். வரையறையை ஒப்பிக்கும் குழந்தை தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடும். சொல்லைச் சோதித்தறியும் குழந்தைக்கோ இலக்கணத்தின்மீது அச்சமே இராது.