கோடியக்கரைப் பறவைகள் சரணாலயம்

கோடியக்கரைப் பறவைகள் சரணாலயம் நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக்கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் உள்ளது. 1967இல் அறிவிக்கப்பட்ட இது, 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. வருபவர்கள் பெரும்பாலும் வெளிமானையும் பூநாரையையும் தேடுகிறார்கள். சேற்றில் ஓடும் கொசு உள்ளானைக் கவனிப்பவர் குறைவு. சுமார் 25 கிராம் எடையுள்ள இப்பறவை ஆர்க்டிக் பகுதியிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருகிறது. திரும்பும் பயணத்துக்கான கொழுப்பை இங்குள்ள புழு, பூச்சிகளைத் தின்றே சேர்க்கிறது. படமெடுக்க நெருங்கினால் கூட்டமாக எழும்பிவிடும். ஒவ்வொரு முறையும் இரைதேடும் நேரமும் வலுவும் வீணாகும். ஆகவே மெல்ல நடந்து, தள்ளி நின்று பைனாகுலரில் பார்ப்பதே முறை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதிகாலை ஏற்றது. நண்பகலில் உப்பளத்தின்மேல் கானல் அலையும். எந்த உள்ளான் என்று சொல்வது பழகிய கண்ணுக்கும் கடினம்.