பொழுதுபட்டால் கண் தெரியாத கமரா: வெளிப்புறக் கமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் முன்

வடமராட்சியில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவின் கேற்றடியில் ஒரு கமரா இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள மகன் காசு அனுப்பிப் பூட்டுவித்தது. பகலில் முற்றம் முழுவதும் தெளிவாகத் தெரியும். இரவு ஏழு மணியானால் படம் போய்விடும். விடிந்ததும் தானாக வந்துவிடும்.

"தம்பி, இதுவும் என்னை மாதிரித்தான். பொழுதுபட்டா கண் தெரியாது" என்றார் பெரியம்மா.

பூட்டியவர் கமரா பழுது என்றார். உண்மையில் பிழை வயரில் இருந்தது.

இத்தகைய கமராக்கள் பெரும்பாலும் 12 வோல்ற்றில் வேலை செய்பவை. பெரியம்மா வீட்டில் அடப்டர் உள்ளே இருந்தது. கமரா 30 மீற்றர் தள்ளி மதிலில் இருந்தது. மின்னோட்டம் போக 30, திரும்பி வர 30 என்று 60 மீற்றர் வயர். நெற்வேர்க் கேபிளின் மெல்லிய இழை ஒன்றில் இந்தத் தூரத்துக்குத் தடை ஏறத்தாழ 5 ஓம். பகலில் கமரா 0.4 அம்பியர் எடுத்தால் 2 வோல்ற் வழியிலேயே போய்விடும். மிச்சம் 10 வோல்ற்றில் ஒருவாறு இயங்கும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி 1 அம்பியர் தேவைப்பட்டால் 5 வோல்ற் போய்விடும். மிச்சம் 7 வோல்ற்றில் கமரா நின்றுவிடும். கள்வன் வரக்கூடிய நேரத்தில்தான் அது தூங்குகிறது.

இதற்குப் பலர் செய்யும் பரிகாரம் இன்னும் ஆபத்தானது. 230 வோல்ற் வயரை மதில் வழியாக இழுத்து, அடப்டரைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கேற்றடியில் கட்டிவிடுகிறார்கள். மாரி மழையில் நனைந்த மதிலும் இரும்புக் கேற்றும் பக்கத்திலேயே இருக்கும். கள்வனுக்குப் பயந்து வீட்டாரின் உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது.

சரியான வழி, 230 வோல்ற்றை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிடுவது. பி.ஓ.ஈ என்ற முறையில் ஒரே நெற்வேர்க் கேபிளில் படமும் மின்சாரமும் சேர்ந்து போகும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரநிலைப்படி 100 மீற்றர் தூரத்திலும் கமராவுக்கு 12.95 வாற் வரை கிடைக்கும். இதில் போவது ஏறத்தாழ 48 வோல்ற். வோல்ற் நான்கு மடங்கானால் அதே வேலைக்கு மின்னோட்டம் கால்பங்கு போதும். அதே வயரில் வீணாகும் மின்சாரம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். தரநிலைக்குட்பட்ட சுவிட்ச், மறுமுனையில் பொருத்தமான கருவி இருக்கிறதா என்று சோதித்த பின்பே மின்சாரம் விடும். மலிவான சில இன்ஜெக்டர்கள் சோதிக்காமலே விட்டு, பொருந்தாத கமராவை எரித்துவிடும். வாங்கும்போது கமராவிலும் சுவிட்ச்சிலும் தரநிலை இலக்கத்தைப் பாருங்கள்.

கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியமும் கடைகளில் உண்டு. அதற்குத் தடை கூட, முறியவும் செய்யும். இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது வேண்டாம்.

எமது கரையோரக் காற்றில் உப்பு உண்டு. கேபிள் பொருத்து வெளியில் தொங்கினால் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பொருத்தை இறுக மூடும் பெட்டிக்குள் வையுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே வளைந்து பிறகு மேலேற வேண்டும். அப்போது மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். கமரா ஐ.பி.66 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருக்கட்டும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி முழங்கும்போது பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. வெளியிலிருந்து வரும் நெற்வேர்க் கேபிள் வழியாகவும் மின்னலின் தாக்கம் உள்ளே வரும். ஆகவே இடி நெருங்குமுன்பே இரண்டையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தடுப்புக் கருவி பூட்டினாலும், வீட்டின் ஏர்த் சரியாக இல்லாவிட்டால் அது பயன் தராது. ஏர்த்தையும் றிப் சுவிட்ச்சையும் தகுதியுள்ள மின் இணைப்பாளரிடம் காட்டுங்கள். றிப் சுவிட்ச்சின் ரெஸ்ற் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும்.

2022 மார்ச்சில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். கமராவும் ரவுட்டரும் சேர்ந்து 20 வாற் எடுத்தால், 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரியுள்ள யு.பி.எஸ் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் தாங்கும். பற்றரி பழசாக இதுவும் குறையும்.

துப்புரவு செய்யுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும். வலை ஆடினாலே தொலைபேசிக்கு எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும். மென்மையான துணியால் துடைத்தால் போதும். அலுமினிய ஏணியானால் தலைக்கு மேலே மின்சார வயர் போகிறதா என்று முதலில் பாருங்கள். மின்கம்பத்தில் கமரா கட்டவே கூடாது.

கடவுச்சொல்லையும் மறக்க வேண்டாம். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் கைப்பற்றியது. பூட்டிய அன்றே அதை மாற்றுங்கள். பூட்ட வந்தவருக்கும் புதியது தெரியத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. யாரோ எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வோடு பல வருடங்கள் வாழ்ந்த சனம் நாங்கள். எங்கள் கமரா அயலவருக்கு அந்த உணர்வைக் கொடுக்கக் கூடாது. பக்கத்து வளவின் கிணற்றடி படத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் கமராவைத் திருப்பி, உங்கள் கேற்றையும் முற்றத்தையும் மட்டும் பார்க்க விடுங்கள்.

பெரியம்மா வீட்டில் கமராவை மாற்றவில்லை. அது பி.ஓ.ஈயை ஏற்கும் கமராதான். பூட்டியவர் அதைக் கவனிக்கவில்லை. புதிய கேபிளும் ஒரு சிறிய பி.ஓ.ஈ சுவிட்ச்சும் போட்டோம். இப்போது இரவிலும் முற்றம் தெரிகிறது. உங்கள் வீட்டுக் கமராவை இன்றிரவு எட்டு மணிக்கு ஒருதடவை திறந்து பாருங்கள்.